இறகு போன இடம் எது?



2024ஆம் ஆண்டு டிசம்பர் மாத நடுவில், திண்டிவனத்திலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. ஈரம் பட்டு மை கலைந்திருந்த அக்கடிதத்தின் சாரம் இதுதான்:

"எங்கள் வீட்டில் ஒன்பது பெட்டைகளும் மூன்று சேவல்களும் இருக்கின்றன. புயல் மழையில் இரண்டு ஆடுகள் போய்விட்டன. இவை மட்டுமே மிச்சம். விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகளின் கைச்செலவு முட்டைக் காசில்தான் நடக்கிறது. இப்போது கோழிகளுக்கு முதுகில் இறகே இல்லை. சிலவற்றுக்குத் தோல் கிழிந்து சதை தெரிகிறது. ஒன்றுக்கு வால் பக்கம் எந்நேரமும் இரத்தம். முட்டையும் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் வயலுக்கு அடித்த மருந்து அரைப் புட்டி மீதம் இருக்கிறது. அதைத் தண்ணீரில் கலந்து கோழிகளை முக்கி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? காயம்பட்டவற்றை அறுத்து உண்ணலாமா? அதையும் எழுதுங்கள்."

இப்பகுதிக்கு வரும் வினாக்களுக்கு விடை அச்சாகி வாசகியர் கைக்குச் சேர எப்படியும் இரண்டு திங்கள் ஆகிவிடும். அதற்குள் அந்தப் புட்டி திறக்கப்பட்டுவிடும் என்ற அச்சம் எனக்கு எழுந்தது. நல்லவேளையாகக் கடிதத்தின் அடியில் கைப்பேசி எண் இருந்தது. உடனே அழைத்து, "புட்டியை மட்டும் திறக்காதீர்கள் அம்மா, நாங்கள் நேரில் வருகிறோம்" என்று சொன்னேன்.

நான் இவ்வளவு பதறியதற்கு ஒரு காரணம் உண்டு. விழுப்புரம் இன்னும் தென்னாற்காடு மாவட்டத்தோடு இருந்த காலத்தில், என் தாயார் எங்கள் வீட்டுக் கொல்லையில் பதினைந்து இருபது கோழிகள் வளர்த்தார்கள். அக்காலத்தில் எல்லார் வீட்டிலும் ஒரு தகர டப்பாவில் பி.எச்.சி. பொடி இருக்கும். எறும்புக்கும் அதுதான், கரையானுக்கும் அதுதான், மூட்டைப் பூச்சிக்கும் அதுதான். அடையில் இருந்த ஒரு கோழிக்குப் பேன் பிடித்துவிட்டது என்று, அதன் இறக்கைக்குள்ளும் அடைக்கூடையிலும் அந்தப் பொடியைத் தூவினோம். தூவியவன் நான்தான், அப்போது எனக்குப் பத்து வயது. பேன் ஒழிந்தது. பொரித்த பதினொரு குஞ்சுகளும் மூன்றே நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் துடித்து மடிந்தன. தாய்க்கோழி வெறும் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து குரல் கொடுத்தது இன்றும் என் காதில் இருக்கிறது. அப்பொடி கொழுப்பில் தங்கி, முட்டையின் மஞ்சள் கருவிலும் சேரும் தன்மையுடையது என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தேன். அம்முட்டைகளைத்தானே நாங்கள் உண்டு வளர்ந்தோம்! 1997ஆம் ஆண்டு இந்தியாவில் அதற்குத் தடை விதிக்கப்பட்டது.

ஜனவரி மாதத் தொடக்கத்தில் நானும் என் துணைவியாரும் விழுப்புரத்திலிருந்து பேருந்தில் புறப்பட்டோம். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் ஏறத்தாழ 40 கி.மீ. தூரம். வழி நெடுகிலும் வயல்களில் மழைநீர் இன்னும் தேங்கிக் கிடந்தது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று கொட்டிய மழையை இம்மாவட்டத்தார் அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார்கள். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று.

வீட்டிற்குள் நுழைந்ததும் அச்சகோதரி முதலில் காட்டியது அந்தப் புட்டியைத்தான். மாடத்தில், அரிசிப் பானைக்கு மேலே இருந்தது! வாங்கிப் படித்தேன். மோனோகுரோட்டோபாஸ். முகப்புச் சீட்டில் சிவப்பு முக்கோணம் பளிச்சென்று இருந்தது. நம் நாட்டில் பூச்சிமருந்துகளின் நச்சுத் தன்மையை முக்கோணத்தின் நிறம் கொண்டு அறிவிக்கிறார்கள். அவற்றுள் கொடியது சிவப்பு. காய்கறிகளுக்கு இதைத் தெளிப்பது 2005இலேயே விலக்கப்பட்டது. 2023இல் மைய அரசு இதன் திரவ வகைக்கே தடை ஆணை பிறப்பித்தது. பறவைகளுக்கோ இது எமன். 1995-96ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினா நாட்டுப் புல்வெளிகளில் வெட்டுக்கிளியை ஒழிக்க இதைத் தெளித்தபோது, அந்த வெட்டுக்கிளிகளைத் தின்ற ஸ்வெயின்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து வீழ்ந்தன. வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க அங்கே பறந்து சென்ற பறவைகள் அவை. பருந்துக்கே அந்தக் கதியென்றால், தோல் கிழிந்து சதை தெரியும் கோழியை அதில் முக்கினால் என்னாகும்? மருந்து புண்ணின் வழியே நேராக இரத்தத்தில் கலக்கும். முக்கிய கைகளின் வழியே நம் உடம்பிலும் கலக்கும்.

"நேற்றிரவுகூட ஒரு மூடி ஊற்றிப் பார்க்கலாமா என்று எடுத்தேன் அண்ணே. நீங்கள் வருவதாகச் சொன்னீர்களே என்று வைத்துவிட்டேன்" என்றார் அச்சகோதரி. என் துணைவியார் ஒன்றும் பேசாமல் புட்டியை எடுத்துக் கந்தைத் துணியில் சுற்றித் தம் பையில் வைத்துக்கொண்டார். சாக்கடையில் கொட்டக் கூடாது என்பதால், வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு முடிவு செய்யலாம் என்று ஊருக்கு எடுத்து வந்தோம்.

இனிக் கோழிகளைப் பார்ப்போம். கோழிக்கு இறகு போவதும் புண் வருவதும் ஒரே நோய் என்று எண்ணி ஒரே மருந்தைத் தேடுவதுதான் நம்மில் பலரும் செய்யும் பிழை. எந்த இடத்தில் இறகு போயிருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆகவே பன்னிரண்டு உயிர்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, மடியில் வைத்து, வெளிச்சத்தில் இறகை விலக்கிப் பார்த்தோம். ஒரு முற்பகல் முழுவதும் ஆயிற்று.

முதலில் கையில் வந்த நான்கு பெட்டைகளுக்கும் முதுகின் நடுவிலும் பிடரியிலும் இறகு இல்லை. இறக்கையைத் தூக்கிப் பார்த்தால், விலாப்பக்கத்தில் ஒன்றுக்கு இரண்டு விரற்கடை நீளத்திற்குத் தோல் கிழிந்திருந்தது. அச்சகோதரி அதுவரை அதைப் பார்க்கவே இல்லை. இறக்கை மூடியிருந்ததால் தெரியவில்லை. இதைச் செய்தது நோயன்று, சேவல். இணை சேரும்போது சேவல் பெட்டையின் முதுகில் ஏறி, பிடரியை அலகால் கவ்வி, கால்களால் மிதித்து நிலை கொள்கிறது. கால்முள்ளும் நகமும் கூராக இருந்தால் விலாத் தோல் கத்தியால் கீறினாற்போல் கிழிந்துவிடும். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். இங்கோ ஒன்பதுக்கு மூன்று. பெருநாளுக்கு நல்ல விலை வரும் என்று சேவல்களை விற்காமல் வளர்த்திருக்கிறார். அது தவறில்லை. கொல்லை முழுதும் மேய்ந்த காலத்தில் பெட்டைகள் ஓடித் தப்பித்தன. புயலுக்குப் பின் கொல்லையில் முழங்கால் அளவு நீர் நின்றதால், மூன்று வாரங்கள் பன்னிரண்டையும் ஒரு சிறிய விறகறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே எங்கு ஓடுவது?

ஐந்தாவதாக வந்தது வால் பக்கம் இரத்தம் வழிந்த கோழி. கூட்டத்திலேயே சிறியது, ஒல்லியானது. அதன் புண் சேவலால் வந்ததன்று. மற்றப் பெட்டைகள் கொத்தியதால் வந்தது. கோழிக் கூட்டத்தில் மேல் கீழ் வரிசை உண்டு. முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைசிக் கோழியை எல்லாம் கொத்தும். நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரப் எப்பே என்பவர் சிறுவயது முதலே வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து கவனித்துக் குறித்து வைத்து, 1920களின் தொடக்கத்தில் இந்த வரிசையைப் பற்றி அறிவுலகிற்கு எழுதினார். நம் வீட்டுப் பெண்களுக்கு இது பழைய செய்திதான். எந்தக் கோழி எதற்கு அஞ்சும் என்று கேட்டால் அடுப்படியில் இருந்துகொண்டே சொல்வார்கள். இடம் விசாலமாக இருக்கும்வரை இந்த வரிசையால் தீங்கில்லை. கீழ்க்கோழி விலகிப் போய்விடும். இடம் குறுகும்போதும், உணவில் புரதம் குறையும்போதும் கொத்து கடுமையாகும். ஒரு துளி இரத்தம் வெளியே தெரிந்துவிட்டால் போதும். சிவப்பு நிறம் மற்றக் கோழிகளை இழுக்கும். குடல் வெளிவரும்வரை கொத்திக் கொன்றுவிடுவதும் உண்டு. ஆகவே இரத்தம் கண்ட கோழியை அந்த நிமிடமே பிரிக்க வேண்டும். நாளை பார்க்கலாம் என்றால் நாளைக்கு அது இராது.

அறைக்குள் மூன்று வாரமும் என்ன தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "நொய்யும் பழைய சோறும்தான். எங்களுக்கே அதுதானே இருந்தது" என்றார். அதற்குமேல் அவரிடம் நான் என்ன சொல்வது!

எனினும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். இறகில் பெரும்பகுதி புரதமே. கந்தகம் கலந்த ஒருவகைப் புரதக்கூறு அதற்கு மிகுதியாக வேண்டும். அரிசியில் அது மிகக் குறைவு. திண்டிவனம் வட்டாரத்தில் கடலைப் பிண்ணாக்கிற்குப் பஞ்சமில்லை. ஆனால் அதிலும் அக்கூறு குறைவுதான். மேலும் மழைக்காலத்தில் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு நஞ்சாகிவிடும். எள்ளுப் பிண்ணாக்கில் அக்கூறு நிறைய உண்டு. நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி எள்ளுப் பிண்ணாக்கும், முருங்கைக் கீரையும், கிடைத்தால் கரையானும் கொடுத்தால் போதும். மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் கருவாட்டுத் தூளும் நல்லதே. ஆனால் உப்பிட்டுக் காய்ந்ததை அப்படியே போடலாகாது. உப்பு மிகுந்தால் கோழி இறக்கும். அலசிக் காயவைத்துச் சிறிதளவு சேர்க்கலாம்.

ஆறாவது கோழியைப் பிடித்தபோதுதான் உண்மையான பேன் கிடைத்தது. ஆசனவாயைச் சுற்றி இறகு அரித்துச் சொறசொறவென்று இருந்தது. இறகை விலக்கியதும் வைக்கோல் நிறப் பேன்கள் நாற்புறமும் ஓடின. இறகின் அடித்தண்டில் வெள்ளை வெள்ளையாக ஈர் திரள்திரளாக ஒட்டியிருந்தது. மேலும் இரண்டுக்கும் அப்படியே. கோழிப்பேன் மனிதரைப் பற்றாது. அதன் வாழ்வு முழுவதும் கோழி உடம்பிலேயேதான். மேய்கின்ற கோழிக்குப் பேன் பெருகாமல் காப்பது எது என்றால், புழுதிக் குளியல். காய்ந்த மண்ணில் குழி பறித்துப் புரண்டு உடம்பெல்லாம் புழுதி ஏற்றி உதறுகிறதே, அது விளையாட்டன்று, அதன் வைத்தியம். கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் செய்து 2012இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், புழுதிப் பெட்டியைப் பயன்படுத்திய கோழிகளுக்குப் பேனும் செள்ளும் ஒரு வாரத்திலேயே வெகுவாகக் குறைந்தன என்று கண்டார்கள். திண்டிவனத்தில் அந்த மூன்று வாரத்தில் ஒரு கைப்பிடி காய்ந்த மண் எங்கே இருந்தது? அதனால் பேன் பெருகிற்று.

அலகை நறுக்கிவிட்டால் கொத்து நின்றுவிடும் என்று அறிவுரை சொல்வாரும் உண்டு. பெரும் பண்ணைகளில் அப்படிச் செய்கிறார்கள். வீட்டுக் கோழிக்கு அது வேண்டாம். அலகு நுனி நறுக்கப்பட்ட கோழியால் தன் இறகைக் கோதிப் பேன் பொறுக்க முடியாது. அதன் உடம்பில் பேன் பன்மடங்கு பெருகும்.

ஒரு கோழிக்கு நெஞ்சில் மட்டும் இறகு இல்லை. தோல் வழவழவென்று வெதுவெதுப்பாக இருந்தது. அது அடைக்கு உட்காரப் போகிறது. முட்டைக்குச் சூடு நேராகப் படவேண்டும் என்று தன் நெஞ்சிறகைத் தானே களைந்துகொள்ளும். அதற்கு மருந்து தேவையில்லை. இன்னொன்றைக் காட்டி, "இதற்குத்தான் அண்ணே கழுத்து முழுதும் கொட்டிப்போய்விட்டது; வாங்கி வந்த நாளிலிருந்தே ஒரு முடி முளைக்கவில்லை" என்று கவலையோடு சொன்னார். என் துணைவியார் சிரித்துவிட்டார். அது கழுத்தறுத்தான் கோழி! அந்த இனத்திற்குப் பிறவியிலேயே கழுத்தில் இறகு இராது. உடம்பிலும் சற்றுக் குறைவு. அதனால்தான் அக்கினி நட்சத்திர வெயிலையும் தாங்கி முட்டையிடும். சந்தையில் விற்றவர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அந்தக் கழுத்துக்கு வேப்பெண்ணெய் தடவித் தடவியே ஒரு புட்டி தீர்ந்துபோயிருந்தது.

எஞ்சிய ஒரு பெட்டைக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் கூட்டத்தின் தலைவி என்று சொல்லத் தேவையில்லை.

புண்களுக்குச் செய்தது இவ்வளவே. காய்ச்சி ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டுக் கழுவினோம். புண்ணைச் சுற்றியிருந்த இறகுகளைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கினோம். பிடுங்கினால் இரத்தம் வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் திரவத்தை நீர் கலந்து தடவினோம். அதற்குமேல் பூச ஒரு தைலம் காய்ச்சச் சொன்னேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் மாட்டுப் புண்ணுக்கு எடுத்துரைத்து வரும் மரபு மருந்து இது: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள்தூள் 20 கிராம், அனைத்தையும் அரைத்து, தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் அரை லிட்டரில் காய்ச்சி ஆறவிட்டு எடுத்துக்கொள்வது. நம் வீடுகளில் மருதாணிச் செடி இல்லாத கொல்லை ஏது? ஒருமுறை காய்ச்சினால் கோழிக்கு மாதக்கணக்கில் வரும். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டால், புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, இதே எண்ணெயில் சிறிது பச்சைக் கற்பூரமன்று, சாதாரணக் கற்பூரம் பொடித்துக் கலந்து இடவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது பழைய வழக்கம். அது தோலை வேகவைத்துவிடும். மனிதருக்கு வாங்கி மீந்த மாத்திரைகளைப் பொடித்துப் போடுவதும் வேண்டாம்.

விலா கிழிந்த கோழியைத் திண்டிவனம் அரசு கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் சென்று மூன்று தையல் போட்டு வந்தோம். கோழிக்குத் தையலா என்று காத்திருந்தவர்கள் வியந்து பார்த்தார்கள். கோழியின் தோல் நம் தோலைவிட விரைவாகக் கூடும். புழுவும் கொத்தும் படாமல் காத்தால் போதும்.

பிரித்து வைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. புண்பட்ட கோழியை வேறு அறையில் பத்து நாள் மறைத்து வைத்துவிட்டுத் திரும்பக் கூட்டத்தில் விட்டால், அதை அந்நியக் கோழி என்று எண்ணி மறுபடி கொத்தும். பஞ்சாரத்தால் கவிழ்த்து, மற்றவை காணும்படி முற்றத்திலேயே வைக்கவேண்டும். மேலே கொசுவலைத் துண்டு ஒன்று போர்த்தினால் ஈ வராது.

பேனுக்கு, அகன்ற பழைய அலுமினியத் தட்டில் இரண்டு பங்கு சலித்த மணலும் ஒரு பங்கு விறகுச் சாம்பலும் ஒரு பிடி காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து, மழை படாத தாழ்வாரத்தில் வைத்தோம். நாங்கள் விடைபெறுவதற்குள்ளேயே ஒன்று இறங்கிப் புரளத் தொடங்கிவிட்டது. ஈரச் சாம்பல் சுடும். ஆகவே திறந்த புண் உள்ளவற்றை ஆறும்வரை அதில் விடலாகாது. பேன் மிகுந்திருந்த மூன்றுக்கும் கால்நடை மருத்துவர் ஒரு மருந்து எழுதித் தந்தார். ஈருக்கு எந்த மருந்தும் எட்டாது, அது பொரித்தபின் மறுமுறை இடவேண்டும் என்பதால் பத்து நாள் கழித்து இரண்டாம் முறை இடச் சொன்னார். பலர் முதல் முறையோடு நிறுத்திவிட்டு மருந்து பலிக்கவில்லை என்பார்கள்.

கிளம்பும்போது பழைய மரக்கூண்டைப் பார்த்தேன். நீர் வடிந்துவிட்டதால் அன்று மாலை கோழிகளை அதற்குள் விடுவதாக இருந்தார்கள். பலகை இடுக்கில் ஒரு வெள்ளைத் துணியை நுழைத்துத் தேய்த்தேன். துணியில் செந்நிறக் கோடு! கோழிச்செள். பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும் பூச்சி. கோழி இல்லாமலே பல மாதம் உயிரோடிருக்கும். இது மனிதரையும் கடித்து அரிப்பு உண்டாக்கும். "கூண்டைக் கழுவிய அன்று மகளுக்குக் கையெல்லாம் தடித்துப்போனது இதனால்தானா!" என்றார் அச்சகோதரி. கொதிநீரை இடுக்கெல்லாம் ஊற்றி, வெயிலில் காயவைத்து, வேப்பெண்ணெய் கலந்த சுண்ணாம்பை இரண்டு முறை பூசிய பின்னரே கோழிகளை விடும்படி சொன்னேன்.

அவர் கேட்ட இன்னொரு வினா பாக்கி இருந்தது. காயம்பட்ட கோழியை அறுத்து உண்ணலாமா? உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுக்கப்பட்டால், விலங்கு கடித்ததும் மற்றதால் தாக்குண்டதும் விலக்கிலிருந்து நீங்குகின்றன என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனத்திலிருந்து மார்க்க அறிஞர்கள் எடுத்துரைக்கிறார்கள். நுட்பமான ஐயங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. நான் சொல்ல வந்தது வேறு. மேய்ந்து திரியும் கோழியை அறுப்பதற்கு முன் மூன்று நாள் கட்டிவைத்துத் தூய தீனி கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் அவ்வாறு அடைத்து வைத்த செய்தி நூல்களில் காணப்படுகிறது. நல்ல வழக்கம். ஆனால் மருந்திட்ட கோழிக்கும் மூன்று நாள் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் தவிர்க்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். வாங்கும்போதே மருத்துவரிடம் கேட்டு, நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். அதுவரை இடும் முட்டைகளை விற்கவும் கூடாது. வாங்குபவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

மழைக்குப் பிறகு கொண்டையிலும் கண்ணிமையிலும் தாடியிலும் பருப்பருவாகப் பொருக்கு வந்தால் அது கொத்துப் புண்ணன்று, அம்மை. கொசுவால் பரவுவது. அதற்குத் தடுப்பூசி உண்டு. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கி வரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் ஆயத்தமாகிறது. குஞ்சுப் பருவத்திலேயே போட வேண்டும். விழுப்புரத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்திலும், திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கோழி வளர்ப்போர் ஐயம் கேட்கலாம். பெண்கள் தனியே செல்லவும் தயங்க வேண்டியதில்லை.

ரமலான் பிறை காண ஒரு வாரம் இருக்கையில் அச்சகோதரி அழைத்தார். இரண்டு சேவல்களை விற்றுவிட்டாராம். பெருநாள் வரை காத்திருந்தால் கூடுதல் விலை கிடைத்திருக்கும் என்று சிறிது வருத்தம். மூன்றாவதன் கால்முள் நுனியை அரத்தால் மழுக்கியிருக்கிறார். அடி வரை வெட்டவில்லை. உள்ளே இரத்த நாளம் உண்டென்று நான் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார். தையல் போட்ட கோழிக்குத் தழும்பு மட்டும். வால் கொத்துப்பட்டதற்குப் புதுக் குருத்துகள் நீலமாக முளைத்திருக்கின்றன. ஏழு முட்டையிடுகின்றனவாம், மருந்து நாள் கழிந்துவிட்டது.

"ஆனால் இரண்டுக்கு முதுகு இன்னும் மொட்டையாகவே இருக்கிறது அண்ணே, மருந்தை மறுபடி போடட்டுமா?" என்றார். தோலைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். முள் முள்ளாகக் குத்துகிறது என்றார். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு ஓரிரு மாதத்தில் திரும்ப முளைத்துவிடும். சேவல் மிதித்து நடுவில் முறிந்ததோ அடித்தண்டு தோலிலேயே நிற்கும். அது தானாக உதிரும் இறகுதிர்ப்புக் காலம் வரும்வரை புதியது வராது. மருந்து வேண்டாம், அந்தத் தண்டுகளைப் பிடுங்கவும் வேண்டாம், எள்ளுப் பிண்ணாக்கை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றேன். "அப்படியானால் ஐப்பசி வரை இந்த மொட்டை முதுகோடுதானா!" என்று சிரித்துக்கொண்டே சலாம் சொல்லி வைத்துவிட்டார்.